எனக்கு சீனியர் பார்த்த கதை

1

ராஜபாளையத்தில் அக்கா வீட்டில் வந்து இறங்கிய மறுநாள் காலை, அத்தான் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்தார். "முடிச்சிட்டேன்" என்றார். அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னத்த முடிச்சிய?"

"கோதைக்கு ஆள் பாத்தாச்சு. சேத்தூர்க்காரரு. தங்கமான குடும்பம்."

தெருவில் போகிறவர்கள் காதில் விழுந்திருந்தால் எனக்கு ஏதோ இரண்டாவது கல்யாணம் கூடி வருகிறது என்று நினைத்திருப்பார்கள். எனக்கு வயது நாற்பத்து மூன்று. கணவர் கனடாவில் சௌக்கியமாக இருக்கிறார். பதின்மூன்று வயது மகள் இனியா, கூடத்தில் செல்போனைப் பிடித்தபடி மல்லாந்து கிடந்தாள். அத்தான் பார்த்துவிட்டு வந்தது மாப்பிள்ளை இல்லை, எனக்கு ஒரு சீனியர்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கனடா போவதற்கு முன் சில வருடங்கள் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருந்தேன். தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். நாங்கள் கனடா போய் இந்த ஆடியோடு பதினான்கு வருடம் ஆகிறது. நம் ஊர்ச் சட்டப் பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே நேராகத் தொழில் செய்ய முடியாது. மறுபடி படித்து, மறுபடி தேர்வு எழுத வேண்டும். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கால் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளையையும் வளர்த்துக்கொண்டு, இழுத்துப் பறித்து ஒரு வழியாக எல்லாத் தேர்வையும் முடித்தேன்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். அங்கே தொழில் செய்யும் ஒரு வழக்கறிஞர் என்னைத் தன்கீழ் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அதை முடித்தால்தான் உரிமம். தேறிய தேர்வுகளுக்கும் காலாவதி உண்டு. இந்தச் செப்டம்பருக்குள் யாரிடமாவது சேராவிட்டால் எழுதியதெல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து எழுத என்னிடம் தெம்பு கிடையாது. ஊருக்கு வரும்போதே ஆடி பிறந்துவிட்டிருந்தது.

அங்கே நான் முயற்சி செய்யாமல் இல்லை. அலுவலகம் அலுவலகமாக மின்னஞ்சல் அனுப்பினேன். உங்கள் விண்ணப்பத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று பதில் வரும். போய் வா என்பதை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். இதை அக்காவிடம் போனில் புலம்பினேன். அக்கா அத்தானிடம் சொன்னாள். அத்தான் ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர். ஆதாரில் பெயர் திருத்தமா, ஆஸ்பத்திரியில் படுக்கையா, யாரை எங்கே பிடிக்க வேண்டும் என்று ராஜபாளையத்தில் அவரைத்தான் கேட்பார்கள். கனடாவில் ஒரு வக்கீலைப் பிடிப்பது மட்டும் அவருக்குப் பெரிய காரியமா?

சேத்தூர்க்காரரை எனக்கும் தெரியும், ஒரு வகையில். அவர் படம் போட்ட விளம்பரம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து பஸ் நிறுத்தத்து பெஞ்சில் இருக்கிறது. பனிக்காலம் முழுக்க அவர் முகத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அவர் சேத்தூர் என்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

2

அன்று சாயங்காலமே வாடகைக் காரில் சேத்தூருக்குக் கிளம்பினோம். வக்கீல் கனடாவில்தான் இருக்கிறார், ஆனால் அவருடைய அண்ணன் குடும்பம் சேத்தூரில். பேச்சை அங்கேதான் பேச வேண்டும் என்றார் அத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, ஒரு சீப்பு வாழைப்பழம், மல்லிகைப்பூ என்று அக்கா ஒரு பை நிறையக் கட்டினாள். தட்டு மாற்றுவதுதான் பாக்கி. இனியா என் காதில், "அம்மா, யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாள். அவள் தமிழில் கேட்ட அபூர்வமான கேள்விகளில் அது ஒன்று.

சேத்தூர் அண்ணன் நல்ல மனிதர். வாசலுக்கு வந்து கூட்டிப்போனார். காபி வந்தது, முறுக்கு வந்தது. அத்தான் விசாரித்தார், அவர் விசாரித்தார். என் அப்பாவை அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் மாமனாரை அத்தானுக்குத் தெரிந்திருந்தது. யார் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது, யார் பெண்ணை எங்கே கொடுத்தது, தம்பி குடிப்பானா, சிகரெட் உண்டா, அவன் வீட்டுக்காரி எப்படி, வேலை பார்க்கிற பெண்களிடம் மரியாதையாக நடப்பானா, எல்லாம் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் திருப்தியான பதில்.

பிறகு அண்ணன் தம்பிக்கு வீடியோவில் போன் போட்டார். பெஞ்சில் நான் சாய்ந்திருந்த அதே முகம், கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"நம்ம ஊர்ப் பிள்ளை. நீ வாம்மா, பாத்துக்கிடலாம்" என்றார்.

நான் எழுந்து நின்றுகொண்டு, "சரிங்கண்ணே" என்றேன். பெரியவர்கள் பேசி முடித்த பிறகு நான் வேறென்ன சொல்வது? திரும்பும் வழியில் அத்தான் கார்க்காரருக்குக்கூட என் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். "ஒம் பிரச்சன தீந்துது கோதை. இனிமே அவரு பாத்துக்கிடுவாரு" என்றார். எனக்கும் மனசு லேசாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

3

லேசாக இருந்த மனசில் ஒரு பொம்பளை மட்டும் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். அவள் பெயர் டெனிஸ்.

கனடாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சமூகக் கூடத்தில், சனிக்கிழமைகளில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இலவசச் சட்ட ஆலோசனை நடக்கும். தமிழ்ப் பெரியவர்களுக்கு நான் மொழிபெயர்க்கப் போவேன். ஆலோசனை சொல்ல வரும் வழக்கறிஞர்தான் டெனிஸ். அவருடைய பெற்றோர் டிரினிடாடிலிருந்து வந்தவர்கள். முடி திருத்தும் கடை ஒன்றின் மாடியில் ஒற்றை அறை ஆபீஸ். தினமும் ஏதாவது ஒரு விசாரணையில் பேசிக்கொண்டிருப்பார். என்னைவிட ஒன்பது வயது சின்னவர்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு அவர் முன்னால் போய் நின்றேன். "உட்காருங்கள்" என்றார். உட்காரவில்லை. நம் ஊரில் சீனியர் முன்னால் ஜூனியர் உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை, கால் மடங்காது. "மேடம், என்னைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள முடியுமா? நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன்" என்றேன்.

"என்ன சொன்னாலும் செய்கிற ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?" என்றார் டெனிஸ். "உங்களுக்கு எது வராது? அதைச் சொல்லுங்கள்."

வேலை கேட்டுப் போன இடத்தில் எனக்கு எது வராது என்று நானே சொல்வதா? நான் கடினமாக உழைப்பேன் என்றேன். அதை எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், ஆகஸ்ட் பாதிக்குள் முடிவு செய்தாக வேண்டும், யோசித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபமான கோபம். பொடிப்பெண், நான் கோர்ட்டுக்குப் போன காலத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள், என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறாள் என்று வீட்டில் வந்து குதித்தேன். என் கணவர் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "கேள்வி சரியாத்தான இருக்கு?" என்றார். அன்று அவரோடு நான் பேசவில்லை.

ஏன் அந்தக் கேள்வி அவ்வளவு சுட்டது என்று எனக்குப் புரிய ஊருக்கு வர வேண்டியிருந்தது. அதற்கு முன் சீனியர் என்று எனக்கு வாய்த்தவர் ஒரே ஒருவர். சட்டம் முடித்து வந்த சூட்டோடு அப்பா கொண்டுபோய் விட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தச் சீனியரின் பெயர்ப் பலகைதான் பெரியது, கட்சிக்காரர் கூட்டம் தெரு வரைக்கும் நிற்கும். அதுதான் தகுதி. எனக்கு அப்போது என்ன தெரியும், என்ன தெரியாது என்றே தெரியாது. கனடா போன பிறகு நேர்மாறு. ஆங்கிலம் இன்னும் கொஞ்சம் சரளமாகட்டும், தேர்வு முடியட்டும், இனியா வளரட்டும் என்று ஒரு வழிகாட்டியைத் தேடுவதை வருடக் கணக்கில் தள்ளிப்போட்டேன். அரைகுறையாகப் போய் நின்றால் அசிங்கம் என்று பயம். முதல் தடவை ரொம்ப முன்கூட்டி, அடுத்த தடவை ரொம்பப் பிந்தி.

4

பயிற்சிப் பதிவுக்கு, நான் இங்கே வழக்கறிஞராக இருந்ததற்கு ஒரு சான்று வேண்டும் என்று கனடாவில் கேட்டிருந்தார்கள். யாரிடம் சேர்ந்தாலும் அது தேவை. அதற்காக இனியாவையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனேன். ஆடிப்பூரத் தேருக்குத் தெருவெல்லாம் கடை போட ஆரம்பித்திருந்தார்கள். பஸ் ஊர்ந்து போனது.

வழக்கறிஞர் சங்க அறையில், "கையெழுத்துப் போடுத ஆள் சீட்டுல இல்லம்மா. செத்த நேரம் உக்காருங்க" என்றார்கள். கனடாவில் இதற்கு ஒரு தொலைபேசி எண் கொடுத்து, ஒரு மணி நேரம் பாட்டுப் போட்டுக் காட்டுவார்கள். இங்கே ஆளைப் பார்த்தாவது உட்காரலாம். அங்கேதான் பாக்கியத்தைப் பார்த்தேன்.

பாக்கியம் வன்னியம்பட்டிக்காரி. நானும் அவளும் ஒரே வருடம், ஒரே சீனியரிடம் சேர்ந்தோம். கொஞ்ச காலத்திலேயே அவள் அந்தப் பெரிய ஆபீஸை விட்டுவிட்டு, கட்சிக்காரரே அதிகம் இல்லாத ஒரு வக்கீலிடம் போய்ச் சேர்ந்தாள். சீனியரை மாற்றுவது எங்கள் கோர்ட்டில் லேசான காரியம் இல்லை. புகுந்த வீட்டை விட்டு வந்தவளைப் பேசுவதுபோல அவளைப் பேசினார்கள். இப்போது அவளுக்கே சொந்த ஆபீஸ், இரண்டு ஜூனியர்கள்.

"ஏட்டி கோதை, எப்ப வந்த? சொல்லவே இல்ல" என்று கையைப் பிடித்தாள். இனியாவின் கன்னத்தைக் கிள்ளினாள். "எங்க பிள்ள ஒருத்தி இன்னைக்குக் குறுக்கு விசாரணை பண்ணுதா. வந்து பின்னால உக்காரு, பொறவு பேசுவோம்."

உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பாக்கியத்தின் வழக்குக்கு முன் வேறொரு வழக்கைக் கூப்பிட்டார்கள். ஓர் இளம் வக்கீல் எழுந்து, சீனியர் மதுரைக்குப் போயிருக்கிறார், வாய்தா வேண்டும் என்றார். நீதிபதி, வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. சீனியர் சொல்லியிருக்க மாட்டார். அந்த இளம் வக்கீலின் காது சிவந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். வாய்தா கிடைத்தது.

இனியா கிசுகிசுத்தாள். "அம்மா, அந்த அண்ணா என்ன கேட்டாங்க?"

"வேற ஒரு நாள் குடுங்கன்னு கேட்டாரு."

"நீயும் இங்க அதுதான் கேப்பியா?"

"ஆமா."

"வேற?"

"அதுதான் அதிகம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ உன்னோட வேலை, 'இன்னைக்கு வேண்டாம்'னு சொல்றதா?"

பேசாமல் உட்காரு என்றேன். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அம்மா ஒரு காலத்தில் வக்கீல் என்று அவளுடைய பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். சாட்சிக் கூண்டில் நின்ற ஒரு மனிதரிடம் நான் ஒரே ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. நானே அதை அப்படி ஒரு வாக்கியமாக எனக்குச் சொல்லிக்கொண்டதில்லை.

பாக்கியத்தின் வழக்கு வந்தது. வன்னியம்பட்டியில் ஒரு வரப்புத் தகராறு. சாட்சி பக்கத்து வயல்காரர், விவரமானவர். பாக்கியத்தின் ஜூனியர் கறுப்பு அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். முதல் சில கேள்விகள் நன்றாகப் போயின. பிறகு கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டாள். சாட்சி அதைப் பிடித்துக்கொண்டு தன் பக்கத்து நியாயத்தை நீளமாகப் பேசினார். அந்தப் பெண் தாள்களைப் புரட்டினாள். பாக்கியம் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அசையவில்லை. மேசைக்கு அடியில் அவள் கை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தாள். பாக்கியம் நேராக நீதிபதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் அந்தப் பெண் மூச்சை இழுத்துக்கொண்டு, அந்த வரப்பைக் கடைசியாக எப்போது வெட்டினீர்கள் என்று கேட்டாள். சாட்சி தடுமாறினார்.

வெளியே வேப்ப மரத்தடியில் நிற்க வைத்து, பாக்கியம் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினாள். எந்தக் கேள்வி தப்பு, ஏன் தப்பு, எங்கே நிறுத்தியிருக்க வேண்டும், எல்லாம். அந்தப் பெண்ணுக்கு உதடு துடித்தது, ஆனாலும் எழுதிக்கொண்டாள். அவள் போன பிறகு நாங்கள் டீ குடித்தோம்.

"நீ ஏன் எந்திரிக்கல?" என்று கேட்டேன்.

"நான் எந்திரிச்சா அவ உக்காந்துருவா. அடுத்த தடவ நான் எப்ப எந்திரிப்பேன்னு பாத்துக்கிட்டே கேள்வி கேப்பா." டீயை ஊதினாள். "எனக்கு மட்டும் பயமில்லையாட்டி? கேஸ் போயிட்டா கட்சிக்காரன் என் சட்டையத்தான பிடிப்பான்? வாய மூடிட்டு உக்காந்திருக்கதுக்கு எம்புட்டுப் பாடு தெரியுமா."

"நீ அன்னைக்கு நம்ம சீனியர விட்டுட்டுப் போனியே, இதுக்காகவா?"

"பொறவு? அவரு நல்ல மனுசன்தான். ஆனா அவரு ஆபீஸ்ல, கோர்ட்டுல எந்திரிச்சுப் பேசுறது அவரு மட்டும்தான். நான் பேசணும்னுதான கோட்டு போட்டேன்."

5

சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன். இனியா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்கு டெனிஸின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டிருந்தது.

இதை ஊரில் இருந்து படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், வெளிநாட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்து. படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாம். தனியாக எவ்வளவு முட்டினாலும் நகராத ஓர் இடம் வரும். அது எந்த இடம் என்று உங்கள் வாயால் சொல்ல முடிகிற அன்று கிளம்பிவிடுங்கள். அதற்கப்புறம் ஒரு நாளும் தள்ளாதீர்கள். என்னைப் போல எல்லாம் சரியாகட்டும் என்று காத்திருந்தால் தலைதான் நரைக்கும். எனக்குச் சட்டம் தெரியும், எழுதித் தேறியாயிற்று. எழுந்து நின்று கேள்வி கேட்டு, அதில் தப்புப் பண்ணி, அந்தத் தப்பை அன்றைக்கே ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்லித் திருத்திக்கொள்வதைத்தான் தனியாகச் செய்ய முடியாது.

அப்படியானால் சேத்தூர்க்காரரிடம் அது நடக்குமா? அக்கா வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் உறைத்தது, அதை நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவர் மாமனார் வரைக்கும் விசாரித்தோம், அவர் என்ன வேலை செய்கிறார் என்று விசாரிக்கவில்லை.

மறுநாள் நானே அவருக்குப் போன் செய்தேன். அத்தான் மூலமாகப் பேசியதை அத்தானைத் தாண்டிப் பேசுவது எங்கள் வீட்டில் பெரிய மரியாதைக் குறைவு. தெரிந்துதான் செய்தேன்.

"அண்ணே, உங்க ஆபீஸ்ல எனக்கு விசாரணையில பேச வாய்ப்பு வருமா? சாட்சிகிட்ட கேள்வி கேக்குற மாதிரி?"

"இல்லம்மா. நம்மகிட்ட கோர்ட் வேலையே கிடையாதே. எல்லாம் வீடு வாங்குறது, விக்கிறது, பத்திரம் முடிக்கிறது. நான் கோர்ட்டுப் பக்கம் போயி வருசக் கணக்காச்சு."

"அப்ப ஏண்ணே சரின்னு சொன்னீங்க?"

"உங்க அத்தான் எங்க அண்ணன்கிட்ட கேட்டாரு. அண்ணன் எங்கிட்ட கேட்டாரு. ஊர்ல இருந்து கேக்குறப்ப எப்படிம்மா முடியாதுன்னு சொல்றது? உண்மையச் சொன்னா இந்த வருசம் எனக்கு ஆளே தேவையில்ல. உனக்கு எங்க ஒரு மேசை போடுறதுன்னு யோசிச்சிட்டு இருந்தேன்." சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நல்ல குடும்பங்கள் மரியாதைக்கு மரியாதை செய்து, எனக்கும் வேண்டாத, அவருக்கும் வேண்டாத ஒன்றைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டிருந்தோம். வீட்டுப் பத்திர வேலை கேவலம் இல்லை. அதைக் கற்க ஆசைப்படுகிறவர்களுக்கு அவர் அருமையான வழிகாட்டி. எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

சேத்தூர் வேண்டாம், டெனிஸ் என்று ஒருவரிடம் கேட்கப்போகிறேன் என்று அத்தானிடம் சொன்னபோது அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார், கை அப்படியே நின்றது. "சேத்தூர்ல நான் எம் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வைக்க?"

"அது இருக்க எடத்துலதான் இருக்கும்" என்றாள் அக்கா. "அவிய ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டாக. நீங்க ஏன் வெசனப்படுதிய?"

"சரி, அந்த டெனிசு யாரு? எந்த ஊரு? நம்மளப் பத்தி அவட்ட யாரு சொல்லுவா?"

"நானே சொல்லிக்கிடுதேன் அத்தான்" என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆண்டாள் தேர் பார்க்க எங்களோடு வராமல் மில் நண்பர்களோடு போனார். எனக்கு வருத்தம்தான். எனக்காக வெயிலில் ஸ்கூட்டரில் அலைந்த மனிதர். ஆனாலும் முடிவை நான் மாற்றவில்லை.

டெனிஸைக் கூப்பிடுவதற்கு முன் நானும் ஒரு விசாரணை செய்தேன். போன வருடம் அவரிடம் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் எண்ணைச் சமூகக் கூடத்தில் கேட்டு வாங்கினேன். குடும்பத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் தப்புப் பண்ணினால் டெனிஸ் என்ன செய்வார் என்று மட்டும் கேட்டேன். அன்றைக்கே சொல்வார், கேட்க இனிமையாக இருக்காது, ஆனால் வழக்கை நம் கையிலிருந்து பிடுங்க மாட்டார் என்றாள். கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை மறந்துவிடுவார், நீங்கள்தான் துரத்த வேண்டும் என்றும் சொன்னாள். துரத்துவது எனக்குப் பிரச்சினை இல்லை. அரசாங்க அலுவலகங்களில் வளர்ந்த கால் இது.

ராஜபாளையத்தில் விளக்கு வைக்கிற நேரம், அங்கே ஆபீஸ் திறக்கிற நேரம். மொட்டை மாடிக்குப் போய் டெனிஸைக் கூப்பிட்டேன். நல்லவேளை, வேறு யாரையும் அவர் இன்னும் எடுத்திருக்கவில்லை.

"சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு வராது" என்றேன். "ஒரு தடவைகூடச் செய்ததில்லை. வழக்கறிஞராக இருந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன், ஆனால் செய்ததில்லை. உங்களிடம் சேர்ந்தால், முதல் மாதத்திலேயே ஒரு விசாரணையை என் கையில் கொடுக்க வேண்டும். நான் தடுமாறினால் நீங்கள் நடுவில் பேசக் கூடாது. முடிந்த பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்."

"கட்சிக்காரருக்கு ஆபத்து வந்தால் பேசுவேன்" என்றார் டெனிஸ்.

"அப்போது பேசுங்கள். எனக்கு ஆபத்து வந்தால் பேசாதீர்கள்."

அவர் கொஞ்சம் சிரித்ததுபோல இருந்தது. "நான் மறுத்தால்?"

"வேறு யாரிடமாவது இதையே கேட்பேன். செப்டம்பர் வரைக்கும் எனக்கு நேரம் இருக்கிறது."

"ஊரிலிருந்து வந்ததும் ஆபீஸுக்கு வாருங்கள்" என்றார். "மாடிப்படியில் கவனம். கைப்பிடி உடைந்திருக்கிறது."

6

இதை எழுதும்போது கனடாவில் இலை உதிர ஆரம்பித்துவிட்டது. கால் சென்டர் வேலையை விட்டுவிட்டேன். அத்தான் போன வாரம் அக்காவின் போனில் தலையைக் காட்டி, "என்ன, அந்தம்மா ஒழுங்கா நடத்துதா?" என்று கேட்டார். ஒழுங்காகத்தான் நடத்துகிறார், தாள்களைத்தான் துரத்த வேண்டியிருக்கிறது என்றேன். அதற்கு அவர் ஒரு யோசனை சொன்னார். அந்த யோசனை ராஜபாளையத்தில் செல்லும், இங்கே செல்லாது.

சொன்னபடி டெனிஸ் ஒரு விசாரணையை என் கையில் கொடுத்தார். கட்சிக்காரர் ஒரு போர்த்துகீசியப் பெரியவர், ஓய்வுபெற்ற தச்சர். தன் மகன் குடிவரப் போவதாகச் சொல்லி வீட்டுக்காரர் அவரைக் காலி செய்யச் சொல்லியிருந்தார். இங்கே இந்த விசாரணைகள் இப்போது திரையில்தான் நடக்கின்றன. முடி திருத்தும் கடை மாடியில் ஒரு கணினி முன்னால் நானும் பெரியவரும் உட்கார்ந்தோம். டெனிஸ் நாற்காலியைக் கேமராவுக்கு வெளியே தள்ளிப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்காரரின் மகன் சாட்சி சொன்னார். நான் கேள்வி கேட்டேன். நடுவில் ஒரு தாளைத் தவறாகக் காட்டிவிட்டேன், தீர்ப்பாளர் அது வேறு தேதி என்றார். ஆங்கிலம் முழுவதும் எங்கோ போய்விட்டது. பக்கவாட்டில் டெனிஸ் இருக்கிறார், கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். திருப்பவில்லை. மன்னிக்க வேண்டும் என்று சொல்லி, சரியான தாளை எடுத்தேன். பிறகு அந்த மகனிடம், நீங்கள் குடிவரப் போகும் இந்த வீட்டில் எத்தனை படுக்கையறை என்று கேட்டேன். அவர் யோசித்தார். தன் அப்பாவைப் பார்த்தார். உள்ளே வந்து பார்த்ததில்லை என்றார்.

தீர்ப்பு பிறகு அனுப்புவோம் என்று திரையை அணைத்தார்கள். என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. டெனிஸ் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, அந்தத் தாள் விஷயத்தையும், நான் தேவையில்லாமல் கேட்ட இன்னொரு கேள்வியையும் போட்டு உடைத்தார். இனிமையாக இல்லை. எழுதிக்கொண்டேன்.

பெரியவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அறையில் உரிமம் வைத்திருக்கிற வக்கீல் ஒருவர்தான், அது டெனிஸ். பெரியவர் அவரைத் தாண்டி வந்து என் முன்னால் நின்று, "சரி, இனி நாம் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார்.

உட்காருங்கள் என்று சொல்லி, ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.